பஞ்சுத் தாடி

ஆரியங்காவு செக்போஸ்ட்டில்
எட்டேகால் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
உள்ளே நாங்கள் ஒன்பது விஞ்ஞானிகள்.
எட்டுப் பேருக்குத் தாடி.
நிஜத்தில் தாடி இல்லாதவருக்கும் தாடிதான்,
டீச்சர் வாங்கிய பஞ்சு மிச்சம் இருந்ததால்.

மைதாப் பசை காய்ந்து கன்னத்தை இழுத்தது.
தொலைநோக்கிக்காரன் தும்மியதில்
பாதித் தாடி கண்டக்டர் பைக்குள் போனது.
என் கையில் ஆப்பிள்.
புளியறை தாண்டும் முன்பே ஒரு கடி கடித்துவிட்டு
கடித்த பக்கத்தை
உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்திருந்தேன்.

ஒன்பதாவது, இசக்கித்தாய்.
பால் வெட்டப் போகையில் அவள் அம்மா மாட்டும்
ஆம்பளைச் சட்டை, கறை கறையாய்.
முழங்கால் வரைக்கும் காக்கி சாக்ஸ்,
அட்டை ஏறாமல் இருக்க
புகையிலைத் தண்ணீரில் நனைத்த வாசம்.
கழுத்தில் சணல் கட்டிய ஒரு குப்பி.

"மோளே, நின்றெ வேஷம் எவிடே?" என்றார் கார்டு.
"போட்டிருக்கேனே" என்றாள்.

அவளுக்கு விழுந்த சீட்டு அப்படி.
தங்கம்மிணி சாக்கோ.
எங்களுக்கெல்லாம் புத்தகத்தில் முழுப்பக்கப் படம்,
பிறந்த ஊர், இறந்த தேதி.
தங்கம்மிணிக்கு ஓரத்தில் கட்டம் போட்டு மூன்று வரி:
மலை ஓடைகளை அளந்தவர்.
முப்பது வருடம் நடந்தவர்.
படம் கிடைக்கவில்லை.

மூக்கு எப்படி, முடி எப்படி என்று
லீலாமணி டீச்சருக்கும் தெரியவில்லை.
"அட்டை கடிச்சிருக்கும்லா," என்றாள் இசக்கித்தாய்,
"அது போதும் டீச்சர்."

கழுதுருட்டியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
ஓர் ஓடை.
கொஞ்சம் மேலே ரப்பர் ஷீட் கம்பெனி.
நாற்றம்தான் எங்களுக்குக் கடிகாரம்,
இன்டர்வெல்லுக்கு ஒருதரம்,
கடைசிப் பீரியடுக்கு ஒருதரம்.
மூக்கைப் பொத்திக்கொண்டே
பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் படித்திருந்தோம்.

மேடையில் ஒருவர் பின் ஒருவராய்ப் பிறந்தோம்.
"நான் இன்ன ஆண்டில், இன்ன நாட்டில்..."
நானும் பிறந்தேன். ஆப்பிள் விழுந்தது,
விழவேண்டிய வரிக்கு இரண்டு வரி முன்னால்,
கடித்த பக்கம் மேலே தெரிய
உருண்டுபோய் நடுவர் செருப்பில் நின்றது.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம்.
இரண்டாம் தடவைக்கு வந்தாள்,
சாக்ஸ் சொட்டச் சொட்ட.
குப்பியில் மோர் நிறத்தில் தண்ணீர்.
அவள் பிறக்கவில்லை.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"இன்னைக்கு, பதினொண்ணே கால்.
கம்பெனிக்குக் கீழ, பாலத்தடி" என்றாள்.
சட்டைப்பையிலிருந்து நீல லிட்மஸ் தாளை எடுத்தாள்.
நனைத்தாள்.
தூக்கிப் பிடித்தாள்.

ஒரு நகத்தளவு சிவப்பு.
கடைசி பெஞ்சுக்குத் தெரிந்திருக்காது.
முன்வரிசைக்குத் தெரிந்தது.
முன்வரிசையில், மாலையோடு,
பரிசு கொடுக்க வந்திருந்த கம்பெனி முதலாளி.

மைக் மட்டும் கீ என்றது.

"கம்பெனிக்கு மேலயும் ஒரு குப்பி எடுக்கணும்"
என்றாள் மெதுவாக, தனக்கே சொல்வதுபோல.
"அது இல்லாம ஒண்ணும் சொல்லப்படாது.
நேரம் பத்தல."
இறங்கிப் போனாள்.
கைதட்டுவதா வேண்டாமா என்று
டீச்சரைப் பார்த்தோம்.
டீச்சர் தட்டிக்கொண்டிருந்தார், தனியாக.

முதல் பரிசு தொலைநோக்கிக்கு.
எனக்கு ஆறுதல், ஓர் எவர்சில்வர் டம்ளர்.

திரும்பும் பஸ்ஸில் தாடியைப் பிய்த்து
ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
அவள் பார்த்தாள். பைக்குள் திணித்துக்கொண்டேன்.
ரஃப் நோட்டில் சோற்றுப் பருக்கை தேய்த்து
அந்தத் தாளை ஒட்டினாள்.
தேதி. இடம். மழை இல்லை.
பக்கத்தில் இன்னொரு தாளுக்கு
இடம் விட்டிருந்தாள்.

"நாளைக்கு மேல போறேன்.
டம்ளரக் கொண்டாரியா?"

"அட்டை கடிக்குமே" என்றேன்.

"கடிக்கும்" என்றாள்.